குழாய் போடுவதற்கு முன் எடுத்த ஸ்கேன்

பித்தக்குழாயில் புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அடைப்பைத் தாண்டிப் பித்தம் இறங்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பதற்கு முன்பே நல்ல சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராபராக இருக்கிறேன். மற்றவர்களை மெஷினில் படுக்க வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, சொந்த மாமனாரையே படுக்க வைக்கும் நிலை வந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் படம் எப்படி எடுக்கப்படுகிறது, எப்படி எடுத்தால் அது பேசும், எப்போது பேசாது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

மாமாவுக்கு முதலில் வந்தது அரிப்பு. பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் என்பதால், நெல் சுணைதான் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வேப்பிலை போட்டு வெந்நீரில் குளித்தார், தேங்காய் எண்ணெய் தடவினார். சுணை அரிப்பு என்றால் கழுத்திலும் முழங்கையிலும் இருக்கும், குளித்தால் அடங்கும். இவருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரித்தது. ராத்திரியில் தூங்கவே முடியவில்லை. அடுத்த வாரம் சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு வந்தது, மலம் வெளுத்தது, கண் மஞ்சளானது. வயிற்று வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலி இல்லாத காமாலை என்றால் பலரும் ஆறுதல் அடைகிறார்கள். வயதானவர்களிடம் அதுதான் அதிகம் கவனிக்க வேண்டிய அறிகுறி.

மாமாவின் தங்கை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். டெல்டாவில் காமாலை என்றால் இதுதான் முதல் வைத்தியம், அதில் அன்பும் இருக்கிறது. ஆனால் காமாலை ஒரே வகை இல்லை. வைரஸால் ஈரல் வீங்கி வரும் காமாலை வேறு, பித்தம் இறங்கும் வழி அடைபட்டு வரும் காமாலை வேறு. அரிப்பும் வெளுத்த மலமும் சேர்ந்து வந்தால் இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடைப்பை எந்தப் பச்சிலையும் திறக்காது. பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். ஒரு மண்டலம் பத்தியம் முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின், பித்த அடைப்பைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ரத்தப் பரிசோதனையும் ஒரு வயிற்று அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் சென்டரிலேயே அல்ட்ராசவுண்ட் பார்த்தோம். ஈரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்கள் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. பித்தப்பை சுருங்கிக் கிடந்தது. ஈரலுக்கு வெளியே வரும் பொதுக்குழாய் சாதாரண அளவில் இருந்தது. கல் எதுவும் இல்லை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தவுடன் எங்கள் ரேடியாலஜிஸ்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடைப்பு கணையத்துப் பக்கம் கீழே இருந்தால் பித்தப்பை நிரம்பிப் புடைத்திருக்கும். பை சுருங்கியிருக்கிறது என்றால், பித்தம் அதுவரைக்கும் வந்து சேரவே இல்லை. அடைப்பு மேலே, வலது குழாயும் இடது குழாயும் கூடும் இடத்தில் இருக்கிறது. அந்தக் கூடுமிடத்தில் வருவதைக் கிளாட்ஸ்கின் கட்டி என்பார்கள். 1965இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெரால்டு கிளாட்ஸ்கின் என்ற மருத்துவரின் பெயர் அது. பித்தக்குழாய்ப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் வருகின்றன.

மாமாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று வீட்டில் தயங்கினார்கள். நான் வடிகாலை வைத்துச் சொன்னேன். வயல் வடிகால்கள் எல்லாம் சேர்ந்து பெரிய வடிகாலில் விழும் வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால், அதற்கு மேலே இருக்கிற வயல் அத்தனையும் முங்கும். எந்த வாயில் எவ்வளவு தூரம் அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும் என்றேன். அவர் உடனே, "அப்ப எந்தப் பக்கத்து வாய் அடச்சிருக்கு, அதச் சொல்லும்மா" என்று கேட்டார். பிற்பாடு அறுவை மருத்துவர் கேட்டதும் இதே கேள்விதான்.

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டோடு முதலில் போன ஒரு மருத்துவமனையில், பிலிருபின் அதிகமாக இருக்கிறது, நாளைக்கே இ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிடலாம், பிறகு மற்றதைப் பார்ப்போம் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மஞ்சளைக் குறைத்தால் நோயாளி உடனே தேறிய மாதிரி இருக்கும், வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் ஸ்டென்ட் உள்ளே போனவுடன் விரிந்திருந்த குழாய்கள் சுருங்கிவிடும். குழாய்ச் சுவர் அழற்சியால் தடித்துவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் படத்தில் எது கட்டி, எது ஸ்டென்ட் கிளப்பிய வீக்கம் என்று பிரிப்பது கடினம். நெறிக்கட்டிகளும் சும்மாவே பெரிதாகும். புற்றுநோய் இருக்கும் இடத்தை ஒளிர வைத்துக் காட்டும் பெட் (PET) ஸ்கேன்கூட அழற்சி இருக்கும் இடத்திலும் ஒளிரும். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சுத்தமாகக் காட்டும் வாய்ப்பு, குழாய் போடுவதற்கு முன்பு மட்டும்தான் கிடைக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை மறக்கவே கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், பிரஷர் இறங்கினால், ஆள் தடுமாறிப் பேசினால், பித்தக்குழாயில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள். அப்போது ஸ்கேனுக்காக ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. பித்தத்தை வடிப்பதுதான் உயிரைக் காக்கும். மாமாவுக்குக் காய்ச்சல் இல்லை. அதனால் ஸ்டென்ட்டுக்கு அவகாசம் கேட்டு, முதலில் எம்.ஆர்.சி.பி.யும் (எம்.ஆர்.ஐ. மெஷினில் பித்தக்குழாய்க்கென்றே எடுப்பது) சி.டி.யும் எடுத்தோம்.

எம்.ஆர்.சி.பி.க்கு ஊசி மருந்து தேவையில்லை. தேங்கி நிற்கும் திரவம் மட்டும் வெள்ளையாகத் தெரியும்படி எடுக்கும் படம் அது. பித்தம் வெள்ளைக் கிளைகளாகத் தெரியும், கட்டி இருக்கும் இடத்தில் அந்த வெள்ளை அறுந்து நிற்கும். வயிற்றில் தண்ணீர் இருந்தால் அதுவும் வெள்ளையாகி மறைக்கும் என்பதால்தான் நாலு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். சில இடங்களில் அன்னாசிப்பழச் சாறு குடிக்கக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் மாங்கனீசு குடலில் உள்ள வெள்ளையை மங்க வைக்கும்.

இந்தப் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அசைவும் மூச்சும்தான். அரிப்பு இருப்பவரால் அசையாமல் படுக்க முடியாது. அரிப்புக்கான மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியை நாங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பழகினோம். "மூச்ச இழுங்க மாமா, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று நான் சொல்ல, மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணுவார். முதலில் எட்டு எண்ணுவதற்குள் வாய் திறந்துவிடும். படுக்கப் போகும் நாளில் நிதானமாக இருபதைத் தொட்டார். படத்தில் குழாயின் ஓரம் கோடு போட்ட மாதிரி விழுந்தது. எங்கள் சென்டருக்கு வருபவர்களுக்கெல்லாம் இப்போது இதைத்தான் சொல்கிறேன். இடுப்பில் அரைஞாண், கையில் தாயத்து, காலில் மெட்டி இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மெஷின் வாசலில் வந்து மெட்டியைக் கழற்றச் சொல்லும்போது அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சி.டி. என்றால் சும்மா ஒரு சி.டி. போதாது. சிறுநீரகம் தாங்குமா என்று கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, ரத்தக் குழாய்களைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றி, மூன்று கட்டமாக எடுக்க வேண்டும். அரை நிமிடத்தைத் தாண்டியதும் தமனிகள் தெரியும். ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை தெரியும். அப்புறம் சில நிமிடம் கழித்து ஒரு முறை. அந்தக் கடைசிப் படத்தைச் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். பித்தக்குழாய்ப் புற்றுநோய் நார்த்திசு நிறைந்தது, மருந்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதனால் அது தாமதப் படத்தில்தான் நன்றாகத் தெரியும். வெட்டுகளும், அதாவது படம் எடுக்கும் ஒவ்வோர் அடுக்கும், மெல்லியதாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் வெட்டில் கட்டி ரத்தக் குழாயைத் தொடுகிறதா இல்லையா என்பது தெரியாமல் போய்விடும்.

இந்த நோயில் பரவல் என்றவுடன் எல்லோரும் நுரையீரலையும் எலும்பையும் நினைக்கிறார்கள். ஆனால் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அந்தக் கூடுமிடமான ஈரல் வாசலில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் நடக்கும் பரவல்தான். குழாயின் எந்தக் கிளை வரை ஏறியிருக்கிறது என்பதை பிஸ்மத் வகை என்று ஒன்று முதல் நான்கு வரை எழுதுவார்கள். மாமாவுக்கு மூன்று பி. இடது பக்கத்துக் கிளைகள் வரை ஏறியிருந்தது, வலது பக்கத்துக் கிளைகள் தப்பியிருந்தன. இடது போர்ட்டல் சிரை நசுங்கியிருந்தது. ரத்தம் போகாததால் இடது மடல் சுருங்கிவிட்டிருந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் இடிந்து போய் உட்கார்ந்தார். திருச்சியில் நாங்கள் பார்த்த ஈரல் அறுவை மருத்துவர் சி.டி.யைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரே இடத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தேடியது வலது ஈரல் தமனியை. அது பித்தக்குழாய்க்கு நேர் பின்னால் குறுக்கே போகிறது. இடது பக்கத்தை வெட்டி எடுத்தால், மிச்சமிருக்கும் வலது பக்கத்துக்கு அந்தத் தமனிதான் சோறு போட வேண்டும். அதையும் கட்டி சுற்றியிருந்தால் அறுவையே சிக்கலாகிவிடும். மாமாவுக்குக் கட்டிக்கும் தமனிக்கும் நடுவில் மெல்லிய கொழுப்புக் கோடு தெரிந்தது. "இந்தக் கோடு இருக்கிறதால பண்ணலாம்" என்றார். மில்லிமீட்டர் கணக்கில் இருந்த அந்தக் கறுப்புக் கோடு, ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்திருந்தால் வீக்கத்தில் மறைந்திருக்கலாம்.

அடுத்து, வெட்டியபின் மிஞ்சும் ஈரல் எவ்வளவு என்பதை சி.டி.யை வைத்தே அளந்தார்கள். காமாலை ஏறிய ஈரலில் மிச்சம் நாற்பது சதவீதமாவது இருக்கட்டும் என்று பார்ப்பார்கள். மாமாவுக்கு வலது பக்கம் முழுக்க மிஞ்சுவதால் கவலையில்லை. வலது பக்கம் வெட்ட வேண்டியவர்களுக்கு இடது பக்கம் போதாமல் இருக்கும். அவர்களுக்கு வலது போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்து, இடது மடல் வளரும் வரை சில வாரம் காத்திருப்பார்கள். ஜப்பானில் மகூச்சி குழுவினர் 1990இல் எழுதிய முறை அது.

பித்தம் வடிக்கும் குழாயை எந்தப் பக்கம் போடுவது என்பதும் படத்தைப் பார்த்துத்தான் முடிவானது. மிஞ்சப் போகிற வலது பக்கத்தை மட்டும் வடித்தால் போதும் என்று விலாப் பக்கமாகத் தோல் வழியே குழாய் போட்டார்கள். சுருங்கிப்போன இடது பக்கத்தைத் தொடவில்லை. தேவையில்லாத பக்கம் குழாய் போட்டால் கிருமி ஏறுவதற்குத்தான் வழி.

பயாப்ஸி இல்லாமல் அறுவையா என்று உறவினர்கள் கேட்டார்கள். இந்த இடத்தில் சதை எடுப்பது கடினம், எடுத்தாலும் பல சமயம் ஒன்றும் கிடைக்காது. ஊசி போகும் வழியில் நோய் சிந்திவிடும் பயமும் உண்டு. வெட்டி எடுக்க முடிகிற கட்டி என்றால் படத்தை நம்பியே அறுவைக்குப் போவார்கள். ஆனால் ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்தோம். ஐ.ஜி.ஜி.4 சார்ந்து பித்தக்குழாயில் வரும் ஓர் அழற்சி படத்தில் அப்படியே புற்றுநோய் மாதிரி தெரியும், ஆனால் ஸ்டீராய்டில் கரைந்துவிடும். இந்தப் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் குறியீடான சி.ஏ. 19-9 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பித்தம் அடைத்தாலே அது ஏறும், பிலிருபின் இறங்கிய பிறகு திரும்பப் பாருங்கள் என்றார்கள். பார்த்தபோது பாதிக்குக் கீழே வந்திருந்தது.

படத்தின் எல்லை எங்கே என்று நெறிக்கட்டிகள் விஷயத்தில் தெரிந்தது. எட்டு ஒன்பது மில்லிமீட்டரில் ஒன்றிரண்டு இருந்தன. உறுதியாகச் சொல்ல முடியாது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தும் உள்ளே நோய் இருக்கும், அதைவிடப் பெரிதாக இருந்தும் வெறும் அழற்சியாக இருக்கும். வயிற்று உறையில் கடுகளவில் தெளித்தது போல் இருப்பதை எந்த ஸ்கேனும் நம்பகமாகக் காட்டாது. அதனால் வயிற்றைத் திறக்கும் முன் சிறு துளை வழியே லேப்ராஸ்கோப் என்ற கேமரா விட்டுப் பார்த்தார்கள்.

இந்த இடைவெளியில் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் வீட்டுக்காரரின் அக்கா மகன், "அத்தை, ஸ்கேனை ஏ.ஐ.யில போட்டா எத்தனை மாசம்னு சொல்லிடுமாமே" என்று சில ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினான். நான் உட்கார்ந்து படித்தேன். ரேடியோமிக்ஸ் என்கிறார்கள். கட்டியைச் சுற்றிக் கோடு வரைந்து கொடுத்தால், அதற்குள் இருக்கும் சாம்பல் நிறங்களின் ஏற்ற இறக்கத்தை நூற்றுக்கணக்கான எண்களாகக் கம்ப்யூட்டர் எடுக்கும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல்தான். அந்த எண்களில் எவை நெறிக்கட்டிப் பரவலோடும், சீக்கிரம் திரும்பி வருவதோடும், ஆயுளோடும் சேர்ந்து வருகின்றன என்று பழைய நோயாளிகளை வைத்துக் கற்றுக்கொள்ளும். நல்ல வேலை, மனதார வரவேற்கிறேன். நெறிக்கட்டி விஷயத்தில் கண் தடுமாறுகிற இடத்தில் இது ஒருநாள் உண்மையாகவே கைகொடுக்கும்.

ஆனால் அந்தப் படங்களை எடுக்கும் ஆள் நான். மருந்து ஏற்றிய வேகம் மாறினால், படம் எடுத்த நொடி தள்ளினால், வேறு கம்பெனி மெஷினாக இருந்தால், அந்தச் சாம்பல் எண்கள் மாறும். ஆய்வுகள் பலவும் ஒரே மருத்துவமனையின் பழைய படங்களை வைத்து, குறைந்த எண்ணிக்கை நோயாளிகளோடு செய்தவை. அரிதான நோய் என்பதால் வேறு வழியும் இல்லை. அதிலும் பலவும் ஈரலுக்குள்ளே வரும் வகையைப் பற்றியவை, மாமாவுக்கு வந்த வாசல் வகை குறைவு. கணிப்பு எவ்வளவு சரி என்பதை ஓர் எண்ணில் சொல்வார்கள். 0.5 என்றால் பூவா தலையா போடுவதற்குச் சமம், 1 என்றால் பிசகே இல்லை. இந்த ஆய்வுகளில் 0.7, 0.8 பக்கம் வருவதே அதிகம். இரண்டு நோயாளிகளை நிறுத்தினால் யாருக்கு அபாயம் அதிகம் என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும் என்று அர்த்தம். எங்கள் மாமாவுக்கு எத்தனை மாதம் என்பதைச் சொல்லும் என்று அர்த்தம் இல்லை.

மாத எண்ணிக்கையை எப்படிக் கேட்பது என்பதையும் சொல்கிறேன். அறுவை முடியாதவர்களுக்கு ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பிரிட்டன் ஆய்வு 2010இல் வந்தது. ஆயுளின் நடுமதிப்பு 11.7 மாதம், ஜெம்சிட்டபின் மட்டும் கொடுத்தவர்களுக்கு 8.1. இதைப் படித்துவிட்டு "பன்னிரண்டு மாதம்தான்" என்று வீட்டில் பேசுகிறார்கள். நடுமதிப்பு என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டி இருந்தார்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. விளிம்பில் நோய் இல்லாமல் வெட்டி எடுக்க முடிந்தவர்களில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள் என்பது பெரிய மையங்களின் கணக்கு. மாமா எண்களையே கேட்கவில்லை. "மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தா நான் குறுவை போடலாமா, இல்ல குத்தகைக்கு விட்டுறட்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டார். "இந்த வருஷம் பையன் போடட்டும், நீங்க வரப்புல நின்னு பாருங்க" என்றார் அவர். நோயாளிக்கு வேண்டியது இப்படிப்பட்ட பதில்தான் என்று நினைக்கிறேன். படத்தில் தெரிந்ததை வைத்து அடுத்த சில மாதங்களை எப்படி வகுத்துக்கொள்வது என்று கேளுங்கள், டாக்டருக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல இடம் கிடைக்கும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. விளிம்பில் நோய் இல்லை. ஆனால் ஸ்கேன் உறுதியாகச் சொல்லாத நெறிக்கட்டிகளில் ஒன்றில் நோய் இருந்தது. திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆறு மாதம் கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிட்டார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இரண்டு குறுவை பார்த்தார். பிறகு வயிற்று உறையில் நோய் திரும்பி, போன வருடம் காலமானார். எங்கள் தெருவிலேயே ஓர் அம்மாவுக்கு இரண்டு பக்கத் தமனியையும் கட்டி சுற்றியிருந்தது முதல் சி.டி.யிலேயே தெரிந்துவிட்டது. வயிற்றைத் திறக்காமலேயே உலோக ஸ்டென்ட்டும் கீமோவும் கொடுத்தார்கள். பலன் இல்லாத ஓர் அறுவையிலிருந்து அவரைக் காப்பாற்றியதும் ஒரு படம்தான்.

கடைசியாக, கையில் வைத்திருக்க வேண்டியவை. பிலிமை மட்டும் நம்பாதீர்கள். அதில் இருப்பது சில படங்கள்தான். அறுவை மருத்துவருக்கு வேண்டியது குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ இருக்கும் முழுப் படத் தொகுப்பு. அதைக் கேட்டு வாங்கி, ஒரு நகலும் எடுத்து, மேலே தேதியோடு "ஸ்டென்ட்டுக்கு முன்" என்று எழுதி வையுங்கள். பிலிமை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் சூட்டில் கறுத்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துப் போங்கள், அறுவைக்கு முன் அனுமதி வாங்க இந்த ஸ்கேன்களும் ரிப்போர்ட்டுகளும் கேட்பார்கள். ஸ்கேனுக்கு நேரம் வாங்கும்போதே, பித்தக்குழாய் அடைப்புக்கு எடுக்கிறோம், மூன்று கட்டமும் எடுப்பீர்களா, தாமதப் படம் உண்டா, மெல்லிய வெட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால், உள்ளே மெஷினில் நிற்கும் எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாங்கள் வந்து பேசுவோம்.